மரம் முடியும் இடத்துக்கு மேலே

ஊசியிலை மரங்கள் ஐதாகத் தொடங்கியிருந்தன. யோகாம்பிகை அதைக் கண்ணால் காணுமுன் முதுகால் அறிந்தாள். அரை மணி நேரமாக விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்த நிழல் இப்போது நெடுநேரமாக விழவில்லை, வெயில் சட்டையைத் துளைத்துத் தோளில் ஊன்றி நின்றது. ஆகக் குறைந்த கியரில் சைக்கிள் நடந்து போகிறவளின் வேகத்தில் ஊர்ந்தது. இடது முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஒரு சிறு கதவைத் திறந்து மூடியது; திறக்கும்போது வலி, மூடும்போது வலியின் நினைவு. நேற்றுக் காலை ரயிலிலிருந்து சைக்கிளை இறக்கிய அதே நிலையத்துக்கு இன்று மாலை போய்ச் சேர வேண்டும். இடையில் மூன்று பள்ளத்தாக்குகள், மூன்று கணவாய்கள், ஒரு முழு வட்டம். இரண்டு கணவாய்கள் கழிந்துவிட்டன. அவை மரங்களுக்குள்ளேயே ஏறி மரங்களுக்குள்ளேயே இறங்கும் பணிவான கணவாய்கள். அவற்றைக் குறித்து யாரும் அவளைக் கேட்க முடியாது. மூன்றாவதுதான் மரங்களைக் கீழே விட்டுவிட்டுப் போவது. அதற்கு முன் எங்கோ ஒரு கடைசி மரம் நிற்கும். அதைக் கடந்தால், இருபத்திரண்டு வருடமாகக் கோயிலில் அவள் நின்று பாடிவந்த இடம் அவளுக்கு இல்லை. கடக்காவிட்டால்? கடக்காவிட்டால் வட்டம் இல்லை. வந்த வழியே திரும்புவதற்கு வட்டம் என்று பெயர் இல்லை. மூச்சு. மிதி. கல்லைப் பார்க்காதே, கல்லைப் பார்த்தால் சில்லு கல்லில்தான் ஏறும், கல்லுக்கு அப்பால் பார்.

மரம் முடிந்தால் மலை. இந்த வரையறையை வகுத்தது வேதமன்று, ஆகமமன்று. தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு கோயில் நிர்வாகசபை. சாவு நிகழ்ந்த வீட்டார் ஆண்டு முடியும்வரை மலை ஏறலாகாது என்று ஊரில் சொல்வார்கள். கிணறு வெட்டிய மண்மேட்டைத் தவிர ஏறுவதற்கு ஏதுமற்ற தட்டை ஊர் அது. அங்கே அந்த விதி ஒருவரையும் ஒருநாளும் வருத்தியதில்லை. அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துச் சுவிஸுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தபோதுதான் நாடே மலையாக இருந்தது. கோயிலுக்கு வந்துபோகும் செல்வரூபனின் தாய் தவறிய ஆண்டு அவன் குடும்பம் ஆயிரத்து முந்நூறு மீற்றர் உயரத்துச் சிற்றூரொன்றில் குடியிருந்தது. அவன் கோயிலுக்கு வந்து கைகட்டி நின்று, நாங்கள் இனி எங்கள் வீட்டுக்குப் போகலாமோ கூடாதோ என்று கேட்டுவிட்டான். சபை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடியது. ஆயிரம் மீற்றருக்கு மேலே மலை என்றார் ஒருவர். அப்படியானால் நான் வேலை செய்யும் ஆசுப்பத்திரி மலை, நோயாளரை யார் பார்ப்பது என்றார் இன்னொருவர். ரயிலில் சுரங்கத்துக்குள்ளால் போவது மலையைத் துளைப்பதே அன்றி ஏறுவதாகாது, ஆகவே அதற்குத் துடக்கில்லை, தீட்டில்லை என்று ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைசியில், அதுவரை வாய் திறவாதிருந்த அவளுடைய கணவர் தர்மகுலசிங்கம் தேநீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, மரம் நிற்கிற மட்டும் ஊர், மரம் முடிந்த பிறகுதான் மலை என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கூட்டக் குறிப்பில் அது ஏறியது. செல்வரூபன் வீட்டுக்குப் போனான். அன்று வீட்டில் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்தாள். ஒரு குடும்பத்துக்கு இரங்கி அவர் நட்ட வேலி, போன ஐப்பசியில் அவர் போனபின், சுற்றிவந்து அவளை உள்ளே வைத்துக்கொண்டது. யாரை நோவது? அவரையா? அவர் வேலியை எவ்வளவு தூரம் தள்ளி நட முடியுமோ அவ்வளவு தள்ளித்தானே நட்டார். ஆனாலும் மனிதர் இன்னும் இருநூறு மீற்றர் தள்ளி நட்டிருக்கலாம்.

டயர்க் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு களஞ்சியம் போலவே தோன்றும் அந்தக் கோயிலில், திருவிழாப் பத்து நாளும் திரை விலகுமுன் மூன்று பதிகங்கள் பாடுவது அவள் பங்கு. திரைக்கு அந்தப் பக்கம் அபிஷேகம் முடிந்து அலங்காரம் நடக்கும். இந்தப் பக்கம் அவள் குரல் மட்டும் இருக்கும். ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலுக்குள் நின்று வேலை செய்தவளுக்கு அந்த அரை மணி நேரம்தான் சொந்தக் காது. ஆண்டுத் திவசம் முடியுமுன் அவளைப் பாட விடுவதே பெரிய சலுகை என்றது சபை. சபையின் செயலாளர் அவளுடைய சொந்த அண்ணன் நித்தியலிங்கம். அவர்தான் வாதாடி வாங்கித் தந்தார். பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்று காக்க வேண்டும், அந்த மலை விதியை. பத்து மாதம் காத்தாள். ஆனால் புரட்டாசியில் முழங்காலை அறுத்து எடுத்துவிட்டு உலோகம் வைக்கப் போகிறார்கள்; அதன் பிறகு இப்படியான ஏற்றங்களை மறந்துவிடுங்கள் என்று வைத்தியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி சொன்னார். ஐப்பசியில் ஆண்டு முடியும்போது இந்தக் கணவாயில் பனி விழுந்திருக்கும், முழங்கால் அவளுடைய முழங்காலாக இராது. பொறு என்றார்கள். பொறுத்ததெல்லாம் போதாதா. யுத்தம் முடியட்டும் என்று பொறுத்தாள், விசா வரட்டும் என்று பொறுத்தாள், பிள்ளை படிக்கட்டும் என்று பொறுத்தாள். அறுபத்தொரு வயதில் ஒருத்தி பொறுமையைத் தவிர வேறொன்றும் செய்யாமல் போய்ச் சேர்ந்தாள் என்று எழுதிவைக்கவா. அதுவும் எந்தச் சுவாமியின் பெயரால்? சுடலைச் சாம்பலை அள்ளிப் பூசுகிறவர். மண்டையோட்டை மாலையாகக் கட்டியவர். குடியிருப்பது மலை, பெண் எடுத்தது மலை, மாமன் வீடும் மலை. சாவு வீட்டுக்காரி ஒருத்தி அவர் படியில் ஏறினால் அந்தத் துடக்கு அவர் மேனியில் எங்கே போய்ப் படும், வெறும் இடம் எங்கே இருக்கிறது? பனிமலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்து ஏறினாள் ஒருத்தி என்று புராணத்தில் அவள் நாற்பது தடவை படித்திருக்கிறாள். அவளை எந்தச் சபையும் மறித்ததாகப் படிக்கவில்லை. தலையால் ஏறலாம், காலால் ஏறலாம், சில்லால் ஏறினால் மட்டும் என்னவாம். கீழே கடைசிப் பண்ணையில் தண்ணீர் தந்த பால்காரி சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மோட்டர் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றதும் ஒருமுறை அவளையும் ஒருமுறை மேலேயும் பார்த்து, அப்படியானால் இன்னுமொரு போத்தல் கொண்டுபோ என்றாள். அவ்வளவுதான். அவள் துடக்கைக் கேட்கவில்லை.

காது பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதை முன்னுக்கு இழுத்தாள், மறுபடி பின்னால் போனது. கார் கேட்கிறதா என்று பார்க்கிற காது. பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவள் ஏறும்போதெல்லாம் தார் வீதியில் பின்னால் கணவருடைய கார் வரும், இரண்டு பக்க விளக்கும் மின்ன மின்ன, மாட்டுவண்டி வேகத்தில். கல்வழி தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். அவள் மேலே போய் இறங்கி வரும்வரை அவர் உள்ளே இருந்து வானொலி கேட்பார். விழுந்தால் தூக்க ஆள் வேண்டாமோ என்பார். அந்த விளக்கின் மின்னல் முதுகில் பட்டுப் பட்டு அவளுக்கு ஏற்றம் இரண்டு மடங்காகும். சொன்னதில்லை. எப்படிச் சொல்வது, அன்பு முதுகில் சுடுகிறது என்று. இப்போது பின்னால் ஒன்றுமில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். காது அதை நம்ப மறுக்கிறது. அவர் போன அன்றைக்கு மூன்று மணிக்கு இறங்கி வருவேன் என்றாள். மூன்று நாற்பதுக்கு வந்தாள். இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்து, நித்திரை போலத்தான் இருந்தார். வானொலி பேசிக்கொண்டிருந்தது. இரண்டு மூச்சுக்குள் முடிந்திருக்கும், நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வைத்தியர் எழுத்தில் தந்தார். சனம் எழுத்தைப் படிக்கவில்லை. மனுசன் காத்திருந்து காத்திருந்தே போச்சுது என்று செத்த வீட்டில் அவள் காதுபடவே சொன்னார்கள். வழி தவறிவிட்டேன் என்று அவள் சொன்னாள். எல்லோரிடமும் சொன்னாள், அதைச் சொன்னதும் முகங்கள் இளகின, பாவம் என்றார்கள், ஆகவே திரும்பத் திரும்பச் சொன்னாள். வழி தவறவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இன்னும் ஒரு வளைவு மட்டும் பார்ப்போம் என்று போனாள். வளைவுக்கு அப்பால் பச்சை நிறத்தில் ஒரு சுனை இருந்தது. சப்பாத்தைக் கழற்றிக் காலை விட்டாள், குளிர் எலும்பில் ஏறியது, யாரும் பார்க்காததால் வாய்விட்டுச் சிரித்தாள். நினைவில்கூட விளக்கு மின்னாத நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்குள் எங்கோ ஒரு நிமிடத்தில் அவர் போனார், அந்த நிமிடம் அவள் சிரித்த நிமிடமாகவும் இருக்கலாம். இதுதான் சிக்குகிற இடம். பத்து மாதமாகச் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கு வந்தவுடன் செயின் கழன்று விழுந்துவிடும். சபைக்கு இது தெரியாது, ஆனால் சபை கேட்பது இதைத்தான்: அந்தச் சிரிப்புக்காக வருந்து, ஆண்டு முடியும்வரை வருந்து, அதற்கு அடையாளமாக மலையைப் பார்க்காதே. அவருக்காக அழச் சொல், அழுகிறேன். உப்பில்லாமல் சாப்பிடச் சொல், சாப்பிடுகிறேன். சிரித்ததற்காக வருந்த மாட்டேன். அதை எவருக்கும் திருப்பித் தர மாட்டேன்.

கைபேசி இடுப்புப் பையில் நடுங்கியது. அவள் ஒரு காலை ஊன்றி இறங்கினாள். இறங்கிய இடத்தில், வழியின் வலப்பக்கம், காற்று ஒரே திசையில் வாரிவிட்ட கிளைகளோடு ஒரு மரம் நின்றது. அதற்கு மேலே புல்லும் கல்லும்தான் தெரிந்தன. அண்ணன்தான். எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. நேற்று நீ சைக்கிளோடு ரயில் ஏறினதைக் கீழ்வீட்டுப் பெண் கண்டிருக்கிறா, கோயில் முழுக்கக் கதை என்றார். இன்று ஐந்து மணிக்குச் சபை, திருவிழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அவள் பெயர் இருக்கும் வரியில் பேனையோடு எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றார். அவள் இடத்துக்கு யார் என்றும் சபை யோசித்து வைத்திருந்தது: ஆர்த்திகா, சங்கீதம் முறையாகப் படித்த பிள்ளை, நல்ல குரல், ஒலிவாங்கியை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவள். ஒருமுறை கைமாறினால் அந்த இடம் திரும்பி வராது என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"மரத்துக்குள்ளைதானே நிக்கிறாய் பிள்ளை?"

"ஓம் அண்ணை. கடைசி மரத்தடியிலை நிக்கிறன்."

"அப்ப சரி. இனி நீ என்ன செய்யிறியோ எனக்குத் தெரியாது. கடைசி மரத்தோடை திரும்பீட்டாள் எண்டு நான் சபையிலை சொல்லுறன். அங்கை ஆர் வந்து பாக்கப் போயினம், மாடோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அறுபத்தெட்டு வயதில் அண்ணன் அவளுக்காகச் சுவாமிக்கு முன்னால் பொய் சொல்லத் துணிந்து நிற்கிறார்; பள்ளிக்கூடத்தில் அவள் சிலேட்டை உடைத்தபோது தான் உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கிய அதே முகம் இப்போது தொலைவில் எங்கோ பேனையோடு நிற்கும். ஓம் என்று ஒரு சொல். ஒரு சொல்லில் மலையும் கிடைக்கும் பதிகமும் கிடைக்கும். மரத்தின் பட்டையில் கையை வைத்தாள், பிசின் கசிந்து பிசுபிசுத்தது. ஓம் என்று சொன்னால் திருவிழாவில் திரைக்கு முன்னால் நின்று வாய் திறக்கும்போது முதலில் எது வெளியே வரும்? வழி தவறிவிட்டேன் என்று சொன்ன வாயால் பத்து மாதமாகப் பாடித்தான் பார்த்தாள், வீட்டில், சமையலறையில், தனியே. சுருதி தப்பவில்லை, சொல் தப்பவில்லை, ஆனால் உள்ளே ஒருத்தி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒருக்கால் பொய் சொல்லிப்போட்டன், காணும், போதும். அண்டைக்கு நான் வழி தவறேல்லை. அங்கை நிக்க எனக்கு விருப்பமாயிருந்தது, நிண்டனான்."

அந்தப் பக்கம் பேனையை மேசையில் வைக்கும் ஓசை கேட்டது.

"தெரியும்," என்றார். "உனக்கு எங்கை பிள்ளை வழி தவறினது. அந்தப் பாதையிலை பன்ரெண்டு வருசம் ஓடினனி. பத்து மாசமா நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்லை. அதை நான் உனக்காக வைச்சிருந்தன். இதை நீ எனக்காகச் செய். திரும்பி வா."

முழங்கால் கதவு திறந்தபடியே நின்றது. தெரிந்திருக்கிறது. செத்த வீட்டில் வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டு நின்றவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே சபையில் அவளுக்காக வாதாடியிருக்கிறார். இப்போது அவளுக்கு அழுகை வர வேண்டும், வரவில்லை. பதிலாக ஒரு பெரிய பசி வந்தது. மேலிருந்து எப்படியும் ஒரு சொல் சொல்லுவேன், பேனையை அதுவரை மூடி வையுங்கோ என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள். பையிலிருந்த எள்ளுருண்டையைத் தின்றாள். திரும்புவதற்கு வழி நன்றாகத்தான் இருந்தது, இறக்கம், நிழல், பண்ணையில் மஞ்சள் தபால் பேருந்து நிற்கும், சைக்கிளைப் பின்னால் கொளுவிவிட்டு இருக்கையில் கண்ணை மூடிக்கொள்ளலாம். சைக்கிளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள், அதன் முகம் கீழே எப்படி இருக்கும் என்று. பிறகு மேலே திருப்பினாள். ஏறி உட்கார்ந்து மிதித்தபோது முதல் மிதி வழுக்கியது, இரண்டாவது பிடித்தது. மரம் தோளுக்கு வந்தது, முதுகுக்குப் போனது. இடி விழவில்லை. காற்று மட்டும் பலமாயிற்று.

ஆனால் மலை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் பாறைக்குப் பின்னால் இன்னொரு மரம் நின்றது, இடுப்பளவு. அப்படியானால் தாண்டியது கடைசி மரம் அல்ல, அவ்வளவு ஆவேசமும் இடம் தவறியதா? அதையும் கடந்தாள். பின்னர் முழங்காலளவு ஒன்று. பின்னர் புல்லோடு புல்லாகப் படுத்துக்கொண்டு, உற்றுப் பார்த்தால் மட்டும் ஊசியிலை தெரியும் ஒன்று, கையகலம். இதுவும் மரம்தானா? எத்தனை முழம் இருந்தால் மரம் என்று சபை எழுதவில்லை, கணவரும் சொல்லவில்லை. இந்தக் கையகல மரத்துக்கு நூறு வயதும் இருக்கலாம். ஒரு நிமிடம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது, உச்சிவரை இப்படியே ஒவ்வொரு பூண்டையும் மரம் என்று சொல்லிக்கொண்டே போய்விடலாம், சபைக்கு முன்னால் சத்தியம் செய்யலாம், வேலியை அவர் தள்ளி நட்டதுபோல அவளும் தள்ளித் தள்ளி நடலாம். சீ, என்று சத்தமாகச் சொன்னாள். அது மரமல்ல, இது மலை, நான் ஏறுகிறேன். சரிவு செங்குத்தானது, சில்லு கல்லில் சுழன்றது, இறங்கித் தள்ளினாள். தள்ளும்போது இதயம் காதுக்குள் வந்து இடித்தது, அவருடையதும் இப்படி இடித்துத்தான் நின்றதோ, இங்கே நின்றால் யார் காண்பார், மாடோ. நிற்கட்டும். நிற்பதானால் இங்கே நிற்கட்டும், காருக்குள் அல்ல. பயம் அவளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தது. அதை அவள் துரத்தவில்லை, அதற்கும் மூச்சு வாங்கியது. நூறு அடி தள்ளு, பத்து மூச்சு நில். நூறு அடி, பத்து மூச்சு. மூச்சுக்கு ஐந்தெழுத்து சரியாகப் பொருந்தியது, உள்ளே இரண்டு, வெளியே மூன்று. சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, தானாகச் சொல்லிக்கொண்டது.

கணவாயில் ஒரு கல்லடுக்கும், துருப்பிடித்த வழிகாட்டிப் பலகையும், அழுக்கான பழம்பனித் திட்டு ஒன்றும் இருந்தன. அந்தப் பக்கம் ஒரு முழுப் பள்ளத்தாக்கு அடுத்த பள்ளத்தாக்கின்மேல் சாய்ந்து கிடந்தது. இந்த இடத்தில் ஒரு பதிகம் தானாக வாயில் வரும் என்று நேற்று முழுவதும் நினைத்திருந்தாள். வரவில்லை. மூச்சுத்தான் வந்தது, அதுவும் இரைந்து. பனித் திட்டில் ஒரு பிடி அள்ளி முழங்காலில் வைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். நாலு ஐம்பது. முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் கதிரைகள் இழுபடும் ஓசை.

"எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கேளுங்கோ அண்ணை," என்றாள்.

"நான் கேக்கமாட்டன்."

"கேளுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். கதிரைகளின் ஓசை நின்றது.

"தாண்டினியோ?"

"தாண்டினன். மலையிலை நிக்கிறன்."

பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லத் தொடங்கினார். அண்ணன் பொறுங்கோ என்று அதட்டியது கேட்டது. பேரை வெட்டத்தான் வேணும் பிள்ளை, என்றார், குரல் உடைந்துபோய்.

"வெட்டுங்கோ. ஆனா நீங்களே வெட்டுங்கோ, பேனையை மற்றவையின்ரை கையிலை குடுக்காதேங்கோ. திருவிழாவுக்கு நான் வருவன். கடைசி வரிசையிலை, செருப்புக் கழட்டிற இடத்துக்குப் பக்கத்திலை இருப்பன். அந்தப் பிள்ளை முன்னாலை மைக்கிலை பாடட்டும், நல்லாப் பாடும். நான் பின்னாலை இருந்து பாடுவன். வெறும் வாயாலை பாடுறதை நிப்பாட்டத் தீர்மானம் இருந்தா, அதையும் குறிப்பிலை எழுதுங்கோ."

காகிதத்தில் பேனை ஒருமுறை நீளமாக இழுபடும் ஒலி கேட்டது, அல்லது கேட்டது போலிருந்தது. பிறகு அண்ணன், கைபேசியை வாய்க்கு மிக அருகே கொண்டுவந்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேளாதபடி, "மேலை குளிரோ?" என்று கேட்டார்.

"நல்ல குளிர் அண்ணை," என்றாள். "சுகமாயிருக்கு."

முழங்காலில் பனி உருகிக் காலணிக்குள் வடிந்தது. இறக்கம் முழுவதும் உடைந்த கல். முதல் வளைவு எங்கே திரும்புகிறது என்பது இங்கிருந்து தெரியவில்லை. அவள் இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு பிறேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நின்றுகொண்டு, கையைத் தளர்த்தினாள்.